பள்ளிப் பாடத்திட்டத்தில் நிரலாக்கத்தின் இடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் இயலும் இசையும் நாடகமும் இடம்பெறுவது நம் வழக்கம். இவ்வாண்டு, பிள்ளைகளின் கல்வியைக் குறித்தும் ஒருவர் பேசட்டும் என்று செயற்குழுவினர் தீர்மானித்து, அப்பொறுப்பை என் தலைமேல் ஏற்றிவிட்டனர். கரக்பூரில் கல்வியைப் பற்றிப் பேசப் பேராசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. 1951இல் நாட்டின் முதலாவது இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்த ஊரன்றோ இது! இவ்வூரில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகப் புகுந்த நான், கணினி நிரலாக்கம் பள்ளிப் பாடத்தில் எவ்விடம் பெறவேண்டும் என்று பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், பல்லாண்டுகளாக முன்பதிவுக் கவுண்ட்டரின் உட்புறம் அமர்ந்து, கணினி சொல்வதைப் பயணிக்கும், பயணி சொல்வதைக் கணினிக்கும் எடுத்துச் சொல்லும் துபாஷியாகவே பிழைத்து வருகிறேன். அந்த அனுபவத்தை நம்பியே இம்மேடையில் நிற்கிறேன்.

முதற்கண், நிரல் என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். ஒரு வேலையை எந்த ஒழுங்கில், எந்தெந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செய்யவேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பதே நிரல். அதைக் கணினி அறியும் மொழியில் எழுதினால் கணினி நிறைவேற்றும். நாங்கள் அன்றாடம் கையாளும் ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 'லோயர் பெர்த்' எனப்படும் கீழ்ப்படுக்கையில் முதியோருக்கென்று ஓர் ஒதுக்கீடு உண்டு. ஆணாயின் 60 வயதும், பெண்ணாயின் 45 வயதும் நிரம்பியிருக்கவேண்டும். அவர் தனியாகப் பயணம் செய்யவேண்டும். அல்லது ஒரே சீட்டில் இருவர் செல்வதாயின் இருவருமே அந்தத் தகுதி உடையவராயிருக்கவேண்டும். விதி இவ்வளவுதான்.

இப்போது எழுபது வயது மூதாட்டி ஒருவர், பத்து வயதுப் பேரனோடு சென்னைக்குச் செல்ல ஒரே சீட்டு எடுக்கிறார் என்று கொள்வோம். அந்த ஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை. பொதுவில் கீழ்ப்படுக்கை எஞ்சியிருந்தால் கிடைக்கும். இன்றேல் நடுப்படுக்கையோ மேற்படுக்கையோதான். முழங்கால் வலியோடு நிற்கும் அம்மூதாட்டி என்னை நோக்கி, "ஏனப்பா, வயசானவளுக்கு மேலே போட்டிருக்கிறாயே!" என்கிறார். கவுண்ட்டரில் இருப்பவர் என்ன சொல்வார்? "கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை, பாட்டி!" என்பார். அவரும் விதியே என்று நகர்ந்துவிடுவார். கொடுக்காதது கணினியன்று. பேரனை அழைத்துக்கொண்டு தனியே செல்லும் பாட்டி ஒருத்தி உலகில் இருக்கக்கூடும் என்பதை விதியை வகுத்தவர் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்தால், விதியில் ஒரு வரியை மாற்றி எழுதலாம். மாற்றி எழுதக் கூடியது என்ற அறிவே இல்லாதவர் மாற்றச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்.

நம்மைப் போல் வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைக் கூறுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. ஆனால் இந்நாட்டில் நாம் நிரப்பும் படிவங்களுள் பல, 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பாமல் மேலே செல்ல விடுவதில்லை. வருமானவரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்திலோ தலைப்பெழுத்தை எழுதினால் ஏற்பதில்லை, விரித்து எழுதவேண்டும். ஆகவே தகப்பனார் பெயர் மகனுக்குக் கடைசிப் பெயராகிறது. மகளுக்குத் திருமணமானபின் வேறொன்றாகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், வங்கியில் ஒருவிதம். பின்னர் மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க நோட்டரியிடம் ஓடுகிறோம். இம்மண்டபத்தில் இத்தொல்லை படாத குடும்பம் இருக்குமாயின் கை தூக்குங்கள்! (சிரிப்பு.) இதிலும் கணினியின் மீது பிழையில்லை. அந்தக் கட்டம் வெறுமையாயிருந்தால் ஏற்காதே என்று எவரோ ஒருவர் எழுதினார். அவர் தீயவர் அல்லர். குடும்பப் பெயர் இல்லாத மனிதரை அவர் அறிந்ததில்லை, அவ்வளவே. அதை எழுதிய அறையில் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்திருந்தால், "என் அப்பாவுக்கு இப்படி ஒரு பெயர் இல்லையே" என்று சொல்லியிருப்பாள்.

நிரலாக்கத்தைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கவேண்டும் என்று நான் சொல்வது இதன் பொருட்டே. வேலைவாய்ப்பை முன்வைத்துச் சொல்வோர் பலர் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வேலை சிலருக்கே கிடைக்கும். விதிகளோ எல்லாரையும் ஆளும். இரயில் சீட்டு, ரேஷன், கல்லூரிச் சேர்க்கை, மருத்துவமனை வரிசை எல்லாம் இன்று நிரல்களின் கைக்குள் வந்துவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவன் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்து நிலத்தை இழந்த கதைகளை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நிரல் என்பது இன்னதென்று அறியாதவனின் நிலையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை.

நிற்க. இந்நாட்டுப் பள்ளிகளில் கணினி நுழைந்தது நேற்று இன்றன்று. 1984-85இல் 'கிளாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. பிரிட்டனில் செய்யப்பட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணினிகள் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. புதுதில்லியில் இரயில்வே முன்பதிவு கணினிக்கு மாறியதும் அதே காலத்தில்தான், 1985 நவம்பரில். அதற்கு முன்பெல்லாம் வண்டிக்கொரு பேரேடு, தேதிக்கொரு பக்கம்; வேறோர் ஊரிலிருந்து இடம் வேண்டுமாயின் தந்தி கொடுத்துக் காத்திருக்கவேண்டும். 1986இல் இரயில்வேக்கெனத் தனித் தகவல் நிலையம் அமைந்தது. 1999இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் யாவும் ஒன்றோடொன்று இணைந்தன. 2002 முதல் வீட்டிலிருந்தே சீட்டு எடுக்கலாயிற்று. இரண்டும் ஒரே காலத்தில் புறப்பட்டவை. இரயில்வேக் கணினி போய்ச் சேர்ந்த தூரத்துக்குப் பள்ளிக் கணினி போய்ச் சேரவில்லை. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. இரயில்வேயில் பொறி வந்தபோது, பேரேட்டில் பழகிய குமாஸ்தாக்களை உட்காரவைத்துக் கற்றுக் கொடுத்தார்கள். அன்றாட வேலையே அதில் நடந்தாகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. பள்ளிகளிலோ ஆசிரியருக்குப் போதிய பயிற்சி கிட்டவில்லை. பொறி ஓர் அறையில் பூட்டப்பட்டு, வாரத்துக்கொரு முறை காட்சிப் பொருளாயிற்று.

இன்றைய நிலையும் மனநிறைவு தருவதாக இல்லை. நடுவண் அரசின் பள்ளிக் கணக்கெடுப்பின்படி, 2023-24இல் இயங்கும் கணினி இருந்த பள்ளிகள் நூற்றுக்கு 57. மறு ஆண்டில் அது ஏறத்தாழ 65 ஆயிற்று. எஞ்சிய 35 பள்ளிகளில் எத்தகைய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கப் பயிற்சி புகுத்தப்படும் என்றது. 2021இல் நடுவண் வாரியம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு அதைக் குறும்பாடமாகக் கொணர்ந்தது. 2025 அக்டோபரிலோ, 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணிப்புமுறைச் சிந்தனையும் இடம்பெறும் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. எங்கே, எவ்விதம் கற்பிப்பது என்பதே கேள்வி.

என் கருத்து இது: கீழ் வகுப்புகளில் இதற்கெனத் தனிப்பாடம் வேண்டா. தனிப்பாடம் என்றால் தனிப் புத்தகம், தனிக் கட்டணம், தனித் தேர்வு. அதற்கு நேரம் காண ஓவிய வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் வெட்டுவார்கள். நிரலாக்கத்தின் இயல்பான வீடு கணக்கு வகுப்பு. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் 'லோகோ' என்னும் மொழியைக் குழந்தைகளுக்காகவே ஆக்கினார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. 'முன்னே 100, வலப்புறம் 90' என்று நான்கு முறை சொன்னால் ஆமை நடந்து சதுரம் வரையும். சரி, முக்கோணம் வரையச் சொல்லுங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பிள்ளை படித்திருக்கிறான். ஆகவே 60 பாகை திரும்பச் சொல்கிறான். ஆமை மூன்று கோடு போட்டு நிற்கும். முக்கோணம் மூடாது, அறுகோணத்தில் பாதிதான் வந்திருக்கும். ஏன் என்று பிள்ளை யோசிக்கிறான். தானே எழுந்து நடந்து பார்க்கிறான். திரும்பவேண்டியது உட்கோணம் அன்று, வெளிக்கோணமாகிய 120 என்று காண்கிறான். ஆசிரியர் நூறு முறை கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் இத்தகைய தெளிவு வாராது. இதற்குக் கணினியும் தேவையில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு பிள்ளையை ஆமையாக நிறுத்தி, கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, மற்றவர்கள் கட்டளையை எழுதிக் கொடுக்கலாம். நியூசிலாந்தில் கணினியே இன்றிக் கணினி அறிவியலைக் கற்பிக்கும் முறையைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 1990களிலேயே வகுத்திருக்கிறார்கள். கணினி இல்லாத அந்த 35 பள்ளிகள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மேல் வகுப்புகளில் தனிப்பாடம் இருப்பது முறையே. அங்கே எனக்குள்ள குறை தேர்வைப் பற்றியது. நடுவண் வாரியத்தின் கணினி அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. நிரலைத் தாளில் எழுதி, அரைப்புள்ளி முக்காற்புள்ளி வரை நெட்டுருப்போட்டு ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இயக்கிப் பார்த்துத் தவறு கண்டு திருத்துவதுதான் இக்கலையின் உயிர். நீந்துவதைத் தாளில் எழுதச் சொல்லித் தேர்வு வைப்போமா? மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றினாலன்றி இது திருந்தாது. மொழிகளோ மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுவரை சி பிளஸ் பிளஸ் படித்தவர்களின் தம்பி தங்கையர் இன்று பைத்தான் படிக்கிறார்கள். மொழியை மனப்பாடம் செய்தவனுக்கு அது இழப்பு. முறையைக் கற்றவனுக்கு ஆறு வாரப் பழக்கம்.

இனி, கற்பிக்கும் மொழி. நிரலாக்கம் ஆங்கிலத்தில்தான் வரும் என்று ஒரு மயக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிருப்பது உண்மைதான். அவை முப்பது நாற்பது சொற்களுக்கு மேல் இல்லை. சிந்தனைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தமிழ்நாட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல்கள் தமிழில் வெளிவந்துள்ளன. மாறி, மடக்கு, செயற்கூறு, பாய்வுப்படம் என்று அவற்றில் வழங்கும் சொற்களைப் பாருங்கள்; கேட்டமாத்திரத்தில் பாதி பொருள் விளங்கிவிடுகிறது. கட்டளைகளே தமிழிலமைந்த 'எழில்' என்னும் நிரல்மொழியையும் முத்தையா அண்ணாமலை என்னும் தமிழர் ஆக்கியிருக்கிறார். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2001இல் தொடங்கிய திட்டத்தின் வழியே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக்கொண்டு கணினி கற்பிக்கின்றன. பாடநூல்கள் மலையாளத்தில் மட்டுமன்றி, அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்காக அவர்தம் மொழிகளிலும் கிடைக்கின்றன. வெளிமாநிலத் தமிழராகிய நாம் கவனிக்கவேண்டிய செய்தி இது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் வங்காளமும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்கிறார்கள். கணக்கை மட்டும் மனத்துக்குள் தமிழில் போடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

இந்நாட்டில் கணினிக் கல்விக்குக் கால்கோள் இட்டவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது தகாது. ஈரோட்டில் 1933இல் பிறந்த பேராசிரியர் வை. ராஜாராமன், தில்லியில் அந்நாளில் 'மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன்' நடத்திய பள்ளியில் படித்தவர். கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்திறங்கியபோது அங்கே பணியாற்றியவர். நாட்டிலேயே முதன்முறையாகக் கணினி அறிவியலை முறையான பாடமாக அக்கழகத்தில் 1965இல் தொடங்கிவைத்தவர். 1969இல் அவர் எழுதிய நிரலாக்க நூலில் பயின்றவர்கள் பல்லாயிரவர். 2025 நவம்பரில் அவர் மறைந்தார். ஊர்விட்டு ஊர் வந்த குமாஸ்தாக்களும் எழுத்தர்களும் தம் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிகளிலிருந்து இத்தகையோர் வந்தார்கள். பெரும் பணம் கட்டிய பயிற்சிக் கூடங்களிலிருந்து அல்ல.

பணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஆறு வயதுப் பிள்ளை நிரல் எழுதாவிட்டால் அதன் எதிர்காலமே இருண்டுவிடும் என்ற தோரணையில் எத்தனை விளம்பரங்கள்! என் அலுவலக நண்பர் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, மகளை அவ்வாறான ஒரு பயிற்சியில் சேர்த்தார். சில மாதங்களில் அக்குழந்தைக்கு வண்ணப் படங்களை நகர்த்தத் தெரிந்தது. ஏன் நகர்கிறது என்று தெரியவில்லை. தவணை மட்டும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்னும் கருவி, இதே வேலையை இலவசமாகச் செய்ய வைத்திருக்கிறது என்று அவருக்கு அப்போது எடுத்துச் சொல்வார் எவருமில்லை. பள்ளி தன் கடமையைச் செய்யாதவிடத்து வியாபாரி வந்து அமர்கிறான்; அவனைக் கடிந்து பயனில்லை.

இன்னொரு கேள்வியை இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்டமாத்திரத்தில் பொறியே நிரல் எழுதிக் கொடுக்கிறது. இனி மனிதன் எதற்காகக் கற்கவேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் அலுவலகத்தில் கூட்டல் பொறி வந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும் நாள்முடிவில் கணக்கு முடிக்கும்போது, ஒரு சுழி கூடியிருப்பதைக் கண்ட உடனே, 'இன்று இவ்வளவு வசூல் ஆகியிருக்க முடியாதே' என்று சொல்லும் கண் ஒரு குமாஸ்தாவுக்கு வேண்டும். பொறி எழுதித் தரும் நிரலில் அந்த எழுபது வயதுப் பாட்டி விடுபட்டிருக்கிறாளா என்று படித்துப் பார்க்கத் தெரியவேண்டும். எழுதுவது எளிதாகிவிட்ட காலத்தில் படித்துச் சோதிக்கும் கல்விக்குத் தேவை மிகுதியாகிறதேயொழியக் குறைவதில்லை. பாடத்திட்டம் வகுப்போர், 'இந்த நிரலில் யார் விடுபட்டார்?' என்ற வகையில் வினாக்களைக் கேட்கத் தொடங்கினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே விடை சொல்வார்கள்.

அரசும் வாரியமும் செய்யவேண்டியதை அவர்கள் செய்யும்போது செய்யட்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், செயற்குழுவின் இசைவோடு, வருகிற மாதம் முதல் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்க எண்ணியுள்ளோம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் வரலாம். கட்டணம் இல்லை, கணினியும் கொண்டுவர வேண்டா. ஒரு கோடிட்ட நோட்டும் பென்சிலும் போதும். முதல் நான்கு வாரம் முற்றத்தில் ஆமை விளையாட்டு. அதன்பின் படுக்கை ஒதுக்கீட்டு விதியைப் பிள்ளைகளே எழுதி, தத்தம் வீட்டாரின் வயதையிட்டுச் சோதிப்பார்கள். தொழில்நுட்பக் கழகத்தில் பயிலும் நம் மாணவர் இருவர் கற்பிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஓர் ஆசிரியை கிடைத்தால் நலம், ஏனெனில் பெண் குழந்தைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்கமாட்டார்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் விருந்து முடிந்தபின் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் கிடையாது.